சியாட்டில் பக்கத்து நியூகாசில்: கரிச்சுரங்க ஊர் புறநகரான கதை, அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊரிலிருந்து யார் வந்தாலும் மறுநாள் காலையில் கூகர் மலைக்கு நடக்கக் கூட்டிப்போவது எங்கள் வீட்டு வழக்கம். நடக்கிற ஆட்கள் மாறுவார்கள், கேள்விகள் மாறாது. இந்தப் பக்கம் வீடு தேடுகிற நண்பர்களும் அதையே கொஞ்சம் பயம் கலந்து கேட்கிறார்கள். அடுத்த முறை இதை அனுப்பிவிட்டு நான் காபி போடப் போகலாம் என்று எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் வாய்மொழியிலேயே விட்டிருக்கிறேன்.

நியூகாசில்னா இங்கிலாந்துல இருக்கிற ஊர்தானே? இது எங்கேருந்து வந்துச்சு?

அங்கேயிருந்து வந்த பெயர்தான். இங்கிலாந்தின் வடக்கே டைன் நதிக்கரையில் இருக்கும் நியூகாசில் பல நூற்றாண்டுகள் நிலக்கரிக்குப் பேர் போன ஊர். அதனால் உலகத்தில் எங்கே கரி கிடைத்தாலும் அங்கே ஒரு நியூகாசில் முளைத்துவிடும். ஆஸ்திரேலியாவில் ஒன்று இருக்கிறது, அதுவும் கரி ஏற்றுமதித் துறைமுகம்தான்.

நாம் பேசுவது அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து நியூகாசில். சியாட்டிலுக்குக் கிழக்கே வாஷிங்டன் ஏரி. ஏரியின் கிழக்குக் கரையில் வடக்கே பெல்வியூ, தெற்கே ரென்டன். இரண்டுக்கும் நடுவில் கூகர் மலையின் மேற்குச் சரிவில் இருக்கிறது இந்தச் சின்ன ஊர். 2020 கணக்கெடுப்பில் சுமார் 13,000 பேர். கோட்டை எதுவும் கிடையாது, தேடாதீர்கள்.

இங்கே நிஜமாவே சுரங்கம் இருந்துச்சா? ஒரு அடையாளத்தையும் காணோமே!

இருந்தது. 1863-இல் நில அளவைக்கு வந்தவர்கள் கோல் கிரீக் என்று இப்போது சொல்லும் ஓடையில் கரி அடுக்கு வெளியே தெரிவதைப் பார்த்தார்கள். அப்போதிருந்து 1963 வரை, விட்டுவிட்டு ஒரு நூறு வருஷம், இந்த மலைக்குள்ளிருந்து 1 கோடி டன்னுக்கு மேல் கரி எடுத்திருக்கிறார்கள்.

அடையாளம் இல்லை என்று சொல்வதை ஒப்புக்கொள்ள மாட்டேன். எங்கே பார்ப்பது என்று தெரிய வேண்டும், அவ்வளவுதான். லேக்மான்ட் சாலையில் ரெட் டவுன் என்று ஒரு பார்க்கிங் இடம். அங்கே வண்டியை விட்டு நடந்தால் ஃபோர்டு சாய்வுச் சுரங்கத்தின் வாய் தென்படும், அடைத்து வைத்திருக்கிறார்கள். 1905-இலிருந்து 1926 வரை ஓடிய சுரங்கம். பக்கத்தில் பாசி பிடித்த கான்கிரீட் மேடை ஒன்று. கோவில் பலிபீடம் மாதிரி இருக்கிறது என்றார் என் மாமனார். கீழேயிருந்து கரி வண்டிகளைக் கம்பியில் கட்டி இழுத்த இயந்திரத்தின் அடித்தளம் அது. அதன்மேல் இப்போது வாளிப்பாக ஃபெர்ன் வளர்ந்திருக்கிறது.

நெய்வேலி மாதிரி பெரிய பள்ளம் எங்கே?

இந்தக் கேள்வியைக் கேட்காத தமிழரை நான் இன்னும் பார்க்கவில்லை. நெய்வேலியில் எடுப்பது பழுப்பு நிலக்கரி. கிட்டத்தட்ட படுக்கையாகக் கிடக்கும் அடுக்கு. மேல் மண்ணை மொத்தமாக வாரிவிட்டு எடுக்கலாம், அதனால் பள்ளம். இங்கே கரி அடுக்குகள் நல்ல சரிவாகச் சாய்ந்து மலைக்குள் இறங்குகின்றன. 4, 5 கோடி வருஷம் முன்னால், பனை வகை மரங்கள் வளரும் அளவுக்கு வெப்பமாக இருந்த சதுப்பு நிலத்தில் படிந்தவை. அப்புறம் நிலம் மடங்கியதில் சாய்ந்துவிட்டன. அடுக்கின் சாய்வோடு சாய்வாகக் குடைந்து இறங்குவதைத் தவிர வழியில்லை.

வேலை நடந்த விதம் இப்படி: சாய்வாக ஒரு பாதை கீழே போகும். அதிலிருந்து இடமும் வலமும் கிடைமட்டமாகச் சுரங்கப்பாதை. அந்தப் பாதையிலிருந்து மேல்நோக்கி அறை அறையாகக் கரியை வெட்டுவார்கள். வெட்டிய கரி தன் கனத்திலேயே சரிந்து கீழே வண்டியில் விழும். கோவேறு கழுதை இழுத்துப் போகும். அறைக்கு அறை நடுவே கூரை விழாமல் கரியையே தூணாக விட்டுவைப்பார்கள். இடத்தைக் காலி செய்யும்போது அந்தத் தூணையும் முடிந்த மட்டும் வெட்டி எடுத்துவிடுவார்கள். இந்தத் தூண் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், வீடு பற்றிய கேள்விக்குத் தேவைப்படும்.

அந்தக் கரியை எப்படி சியாட்டிலுக்குக் கொண்டுபோனாங்க? நடுவுல ஏரி இருக்கே?

எனக்குப் பிடித்த கேள்வி. முதலில் மலையிலிருந்து ஏரிக்கரைக்குத் தண்டவாளத்தில் இறக்கினார்கள். அங்கே கரி வண்டிகளை அப்படியே படகில் ஏற்றி வாஷிங்டன் ஏரியைக் கடந்தார்கள். எதிர்க்கரையில் மான்ட்லேக் என்னும் குறுகலான நிலப்பகுதி. அதன் குறுக்கே மறுபடி தண்டவாளம். அந்தப் பக்கம் யூனியன் ஏரியில் மறுபடி படகு. ஏரியின் தென்கரையிலிருந்து பைக் தெருக் கடலோரக் கிடங்குவரை ஒரு குட்டி ரயில். பிறகுதான் கப்பல். சுரங்க வாயிலிலிருந்து கப்பலுக்குள் போகும் வரை ஒரே கரி 11 முறை கை மாறியது.

அந்தக் குட்டி ரயில் ஓடத் தொடங்கியது 1872 மார்ச்சில். சியாட்டிலின் முதல் ரயில் அதுதான். என்ஜினுக்குப் பெயர் 'எறும்பு'. திறந்த அன்றைக்கு ஊர் ஜனங்களைச் சும்மாவே ஏற்றிப்போனார்கள், கரி வண்டியில்தான். இப்போது பைக் தெரு மார்க்கெட்டில் மீன் வீசுவதை வேடிக்கை பார்க்க நிற்கும் கூட்டத்தில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

ஏரிப் பயணம் எப்போதும் நல்லபடி முடியவில்லை. 1875 ஜனவரியில் புயல் காற்றில் 18 கரி வண்டிகள் வாஷிங்டன் ஏரிக்குள் போய்விட்டன. பிற்காலத்தில் முக்குளிப்பவர்கள் அடியில் அவற்றைக் கண்டார்கள். இன்னொன்று: இன்று நீங்கள் பார்ப்பது அதே ஏரி இல்லை. 1916-இல் மான்ட்லேக் நிலத்தை வெட்டிக் கால்வாய் திறந்தபோது வாஷிங்டன் ஏரியின் நீர்மட்டம் சுமார் 9 அடி இறங்கியது. கரியைத் தள்ளிக்கொண்டு கடந்த அந்த நிலத்தின் மேல் இப்போது படகு போகிறது.

இவ்வளவு கஷ்டப்பட்டதுக்கு முதல்லயே ரயில் போட்டிருக்கலாமே?

பெரிய ரயில் கம்பெனி வரும் என்று சியாட்டில்காரர்கள் காத்திருந்தார்கள். 1873 ஜூலையில் நார்தர்ன் பசிஃபிக் கம்பெனி தன் கடைசி நிலையம் தெற்கே இருக்கும் டகோமா ஊர்தான் என்று அறிவித்துவிட்டது. ஊருக்கே அவமானம். 'நாங்களே போட்டுக்கொள்கிறோம்' என்று 1874 மே 1-ஆம் தேதி ஆண்கள் கடப்பாரை மண்வெட்டியோடு கிளம்பினார்கள், பெண்கள் சாப்பாடு கட்டிக்கொண்டு வந்தார்கள். மலைத்தொடரைத் தாண்டி வால்லா வால்லா வரை போவதாகத் திட்டம். ரயிலுக்கும் சியாட்டில் அண்ட் வால்லா வால்லா என்றே பெயர் வைத்தார்கள்.

வால்லா வால்லா வரை அது போகவே இல்லை. 1877-இல் ரென்டன், 1878 தொடக்கத்தில் நியூகாசில், அதோடு சரி. ஆனால் அது போதுமானதாக இருந்தது. ஏரி, படகு, எறும்பு எல்லாம் ஒரே நாளில் பழங்கதை. கரி நேராகக் கிங் தெருத் துறைக்குப் போனது. 1880 அக்டோபரில் சியாட்டிலுக்கு வந்த ஜனாதிபதி ஹேய்ஸை இந்த ரயிலில் ஏற்றி நியூகாசில் சுரங்கத்தைத்தான் காட்டினார்கள். வேறு காட்ட அப்போது அங்கே பெரிதாக என்ன இருந்தது?

யார் வாங்கினாங்க இந்தக் கரியை?

பெரும்பகுதி கப்பலில் சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனது. வீட்டு அடுப்பு, தொழிற்சாலைக் கொதிகலன், நீராவிக் கப்பல் என்று அங்கே தேவை அதிகம், கலிபோர்னியாவில் நல்ல கரி குறைவு. சுரங்கமும் சான் பிரான்சிஸ்கோ முதலாளிகள் கைக்குப் போய், 1880-களில் ஆரிகன் இம்ப்ரூவ்மெண்ட் கம்பெனியிடம் வந்து, கடைசியில் பசிஃபிக் கோஸ்ட் கம்பெனியிடம் முடிந்தது. கைமாறிய கதை முழுவதும் சொன்னால் நீங்களே தூங்கிவிடுவீர்கள். மரம், கரி, மீன் இந்த மூன்றில்தான் சியாட்டில் வளர்ந்தது. விமானமும் மென்பொருளும் வெகு காலம் கழித்து.

வேலை செஞ்சது யாரு? நம்மாளுங்க யாராவது இருந்தாங்களா?

வேல்ஸ், இங்கிலாந்து, ஸ்காட்லாந்து நாடுகளிலிருந்து ஏற்கெனவே சுரங்கம் தெரிந்தவர்கள் முதலில் வந்தார்கள். பிறகு பின்லாந்து, இத்தாலி, குரோவேஷியா, பெல்ஜியம். வெளி வேலைக்கும் ரயில் பாதை போடவும் சீனர்கள். 1891-இல் தொழிலாளர்கள் சங்கம் வைத்து மல்லுக்கு நின்றபோது கம்பெனி நடு அமெரிக்காவிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை ரயிலில் அழைத்து வந்தது, முதலில் தெற்கே இருக்கும் ஃபிராங்க்ளின் சுரங்கத்துக்கு, பிறகு நியூகாசிலுக்கும். வருகிற இடத்தில் தகராறு நடக்கிறது என்பதை அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. இறங்கிய பிறகுதான் துப்பாக்கியோடு நிற்கும் காவலர்களைப் பார்த்தார்கள்.

இந்தியர்கள் அந்தக் காலத்தில் இந்த மாநிலத்தில் இருந்தது பெரும்பாலும் மர அறுவை ஆலைகளில், அவர்களும் பஞ்சாபிகள். 1907 செப்டம்பரில் பெல்லிங்ஹாம் ஊரில் ஒரு கும்பல் அவர்களை அடித்து ஊரைவிட்டே விரட்டியது. அதைக் கேட்டால் அடுத்த பதிலில் வருவது ஆச்சரியமாக இருக்காது.

சைனா கிரீக்னு ஓடைக்கு ஏன் பேரு? சீனாக்காரங்க இங்கே இப்போதானே வந்தாங்க?

இல்லை. இப்போது பக்கத்து வீட்டில் இருப்பவர்களுக்கு 100 வருஷத்துக்கும் முன்னாலேயே வந்தவர்கள் உண்டு. மேலே சொன்ன ரயில் பாதையில் பெரும்பகுதி அவர்கள் கையால் போட்டது. சுரங்கத்திலும் வேலை பார்த்தார்கள்.

1882-இல் சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வருவதைத் தடைசெய்து சட்டம் வந்தது. வந்தவர்களையும் விரட்ட வேண்டும் என்ற பேச்சு 1885-இல் இங்கே உச்சத்துக்குப் போனது. செப்டம்பர் 7 இரவு, மலைக்கு அந்தப் பக்கம், இன்றைய இஸ்ஸக்வா ஊரில் பீருக்குப் போடும் ஹாப்ஸ் பூ பறிக்க வந்து கூடாரத்தில் தூங்கிக்கொண்டிருந்த சீனர்கள் மேல் சுட்டார்கள். மூன்று பேர் செத்தார்கள். சுட்டவர்களை நீதிமன்றம் விடுவித்தது. நான்கு நாள் கழித்து, 11-ஆம் தேதி இரவு, முகமூடி போட்ட ஆட்கள் இங்கே கோல் கிரீக் சுரங்கத்துச் சீனர் குடியிருப்புக்கு வந்து, அவர்களை வெளியே துரத்திவிட்டுத் தீ வைத்தார்கள். நவம்பரில் டகோமா தன் சீனர்களை மொத்தமாக வெளியேற்றியது. 1886 பிப்ரவரியில் சியாட்டிலிலும் அதே.

ஆட்கள் போனார்கள், ஓடைக்குப் பெயர் நின்றது. இன்று மலைமேல் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் இரண்டு ஆட்டக்களங்கள். ஒன்றுக்கு கோல் கிரீக், மற்றதற்கு சைனா கிரீக் என்று பெயர். அழகான பெயர்கள் என்று ஒருவர் என்னிடம் சொன்னார். நான் ஒன்றும் சொல்லாமல் விட்டுவிட்டேன். சொல்லியிருக்கலாம்.

ரெட் டவுன்னு சொல்றீங்க, டவுன் எங்கே? வெறும் காடுதானே?

காடு பிறகு வந்தது. 1880-களில் நியூகாசில் கிங் கவுண்டியின், அதாவது சியாட்டிலும் சேர்ந்த இந்த மாவட்டத்தின், பெரிய ஊர்களில் ஒன்று. வீடுகள் கம்பெனியுடையவை, கடையும் கம்பெனியுடையது, சம்பளத்தில் வாடகையைப் பிடித்துக்கொள்வார்கள். ஒரு பகுதியில் வீடுகளுக்குச் சிவப்பு அடித்திருந்தார்கள், அது ரெட் டவுன். இன்னொன்று வெள்ளை, ஒயிட் டவுன். பின்லாந்துக்காரர்கள் இருந்தது ஃபின் டவுன். பெயர் வைக்க யாரும் ரொம்ப யோசிக்கவில்லை.

சுரங்கத்தை மூடியபோது மர வீடுகளைப் பலகைக்கும் ஓட்டுக்கும் விற்றுவிட்டார்கள். வாங்கியவர்கள் பிரித்து எடுத்துப் போனார்கள், தண்டவாளத்தையும் பிடுங்கினார்கள். கம்பெனி வீடுகளில் 75-ஆம் எண் வீடு ஒன்று தப்பி, தேசிய வரலாற்றுச் சின்னப் பட்டியலில் இருக்கிறது. அது தவிர 1870-களில் தொடங்கிய கல்லறைத் தோட்டம், புது வீடுகளுக்கு நடுவில். வேல்ஸ் பெயர்கள், இத்தாலியப் பெயர்கள், சின்னக் குழந்தைகளின் கற்கள். ரெட் டவுன் இருந்த இடத்தில் காட்டுக்குள் பார்த்தால் யாரோ வாசலில் நட்ட பழமரமும் பூச்செடியும் இன்னும் நிற்கும். ஒரு காட்டில் இவை தானாக முளைக்காது. ஊர் எங்கே இருந்தது என்பதற்கு அவைதான் சாட்சி.

ஏன் மூடினாங்க? கரி தீர்ந்துபோச்சா?

தீரவில்லை. இன்னும் கீழே இருக்கிறது. எடுக்கிற செலவுக்கு விலை கட்டவில்லை.

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கலிபோர்னியாவிலேயே பெட்ரோலிய எண்ணெய் கொட்டத் தொடங்கியது. சான் பிரான்சிஸ்கோ வாடிக்கை போனது. கப்பல்களும் ரயில் என்ஜின்களும் எண்ணெய்க்கு மாறின. நியூகாசில் கரியும் உசத்தி ரகம் இல்லை. ஈரம் அதிகம், குவித்து வைத்தால் உதிர்ந்து தூளாகும், சில சமயம் தானாகவே சூடாகிப் பற்றிக்கொள்ளும். சாய்ந்த அடுக்கில் இயந்திரம் போட்டு வெட்டுவதும் சுலபமில்லை, ஆள் பலம்தான். 1921-இல் பசிஃபிக் கோஸ்ட் கம்பெனி கூலியைக் குறைக்கப் பார்த்தது, சங்கம் ஒப்பவில்லை. கம்பெனி கதவைச் சாத்திவிட்டு வெளியாட்களை வைத்து ஓட்டியது. சங்கம் அதோடு ஒடிந்தது. ஆனாலும் கம்பெனி பிழைக்கவில்லை, 1930 வாக்கில் இங்கே பெரிய சுரங்கத்தை நிறுத்திவிட்டது.

1930-ல மூடிட்டாங்கங்கிறீங்க, முன்னாடி 1963 வரைக்கும்னு சொன்னீங்க. எது சரி?

இரண்டும் சரி. 1930 வாக்கில் நின்றது கம்பெனி நடத்திய பெரிய சுரங்கம், அதோடு ஊரும் போனது. அதற்குப் பிறகு சின்னச் சின்ன ஆட்கள் ஐந்தாறு பேரை வைத்துக்கொண்டு, கம்பெனி விட்டுப்போன தூண்களையும் மேலாக இருந்த கரியையும் 1963 வரை நோண்டி எடுத்துக்கொண்டிருந்தார்கள். வீடு வாங்குபவருக்கு முக்கியம் அந்தப் பிற்காலத்து ஆட்கள்தான். ஏனென்று கீழே சொல்கிறேன்.

சரி, அப்புறம் புறநகர் எப்படி ஆச்சு? சுரங்கத்தொழிலாளிங்க பிள்ளைங்க வீடு கட்டினாங்களா?

ஒரு சில குடும்பம் தங்கியது. மற்றபடி புறநகரைக் கொண்டுவந்தது சுரங்கம் இல்லை, பாலம். 1940 ஜூலையில் வாஷிங்டன் ஏரியின் மேல் மிதக்கும் பாலம் திறந்தார்கள். அதுவரை ஏரியைச் சுற்றிக்கொண்டோ படகிலோ வந்த இடம் சியாட்டிலிலிருந்து கால் மணி நேரமாகச் சுருங்கியது. 1949-இல் பாலத்தின் சுங்கத்தையும் எடுத்துவிட்டார்கள். ரென்டனில் போயிங் ஆலை போர்க்காலத்தில் பி-29 குண்டுவீச்சு விமானம் கட்டத் தொடங்கி, பிறகு பயணிகள் ஜெட் விமானத்துக்கு மாறியது. வேலைக்கு வந்தவர்களுக்கு வீடு வேண்டும். பெல்வியூ 1953-இல் நகரமானது. 405 நெடுஞ்சாலை வந்தது. காட்டை வெட்டி வீட்டு மனை போடுவது மேற்கிலிருந்து கிழக்காக, ஏரிக்கரையிலிருந்து மலைச்சரிவுக்கு ஏறி வந்தது. மைக்ரோசாஃப்ட்டுக்குப் பிறகு வந்தது உங்களுக்கே தெரியும். நாமே அதில் ஒரு அலைதான்.

நடுவே முப்பது வருஷம் இங்கே என்ன இருந்தது என்றால், வெட்டிப்போட்ட மலையில் இரண்டாம் முறை வளர்ந்த மரம், சில கோழிப்பண்ணை, குப்பை கொட்டும் இடம். மலை உச்சியில் 1950-களில் ராணுவம் நைக்கி ஏவுகணைத் தளம் வைத்திருந்தது, 1964-இல் அதையும் மூடிவிட்டார்கள்.

நியூபோர்ட் ஹில்ஸ், நியூகாசில் ரெண்டும் ஒண்ணா? கூகுள் மேப்ல பெல்வியூனு காட்டுது.

இந்தக் குழப்பம் நியாயமானது. பெல்வியூவும் ரென்டனும் இரண்டு பக்கமிருந்தும் மனைகளை இழுத்துக்கொண்டிருந்த நேரம். நியூபோர்ட் ஹில்ஸ் குடியிருப்பின் பெரும்பகுதி பெல்வியூவோடு சேர்ந்துவிட்டது. மிச்சமிருந்தவர்கள் வாக்களித்துத் தனி நகராட்சி ஆனது 1994 செப்டம்பரில். தமாஷ் என்னவென்றால், அந்த நகராட்சிக்கு முதலில் வைத்த பெயர் நியூபோர்ட் ஹில்ஸ். கொஞ்ச நாளில் மாற்றி நியூகாசில் என்று பழைய பெயரை எடுத்துக்கொண்டார்கள்.

கோல்ஃப் மைதானம் குப்பைமேட்டு மேலயா கட்டியிருக்காங்க?

ஆமாம். பழைய சுரங்க நிலம், அப்புறம் குப்பைக்கிடங்கு, 1999 முதல் கோல்ஃப். மேலேயிருந்து சியாட்டில், ஏரி, ஒலிம்பிக் மலைத்தொடர் மூன்றும் ஒரே பார்வையில் தெரியும். கல்யாண வரவேற்புக்குப் போயிருப்பீர்கள்.

எங்க வீட்டுக்கு அடியில சுரங்கம் இருக்கா? ஒரு நாள் வீடே உள்ளே போயிடுமா?

நியூகாசிலின் எல்லா வீட்டுக்கும் அடியில் இல்லை. கரி அடுக்குகள் மேலே வரும் பட்டைகள் சிலதான். அந்தப் பட்டையில் உங்கள் மனை இருக்கிறதா என்பதைக் கவுண்டி வரைபடத்திலும், மாநில நிலவியல் துறை சேர்த்து வைத்திருக்கும் பழைய சுரங்க வரைபடங்களிலும் பார்க்கலாம். இங்கே கட்டட விதிகளில் 'கரிச்சுரங்க அபாயப் பகுதி' என்றே ஒரு வகை உண்டு. ஆபத்து தீர்ந்தது, நடுத்தரம், கடுமை என்று பிரிப்பார்கள். கடுமையில் வந்தால் புதிதாகக் கட்டும் முன் நிலத்தைத் துளைத்துப் பார்த்து அறிக்கை கொடுக்கச் சொல்வார்கள்.

ஆழம்தான் எல்லாம். பல நூறு அடிக்குக் கீழே இருக்கும் வெற்றிடம் எப்போதோ சரிந்து நிரம்பியிருக்கும், மேலே தெரியாது. தொல்லை மேலோட்டமான குடைவுகள். தூணை வெட்டி எடுப்பார்கள் என்றேனே, அந்த இடங்களில் கூரை கொஞ்சம் கொஞ்சமாக உதிர்ந்து, வெற்றிடம் மேலே மேலே ஏறி, ஒரு நாள் தரையில் ஓட்டை விழும். 1930-க்குப் பிறகு வந்த சின்ன ஆட்கள் தரைக்குப் பக்கத்தில் எடுத்ததை எல்லோரும் ஒழுங்காக வரைபடத்தில் குறிக்கவில்லை. இதனால்தான் அவர்களை முக்கியம் என்றேன்.

நான் வீடு பார்த்தபோது தரகர் 'அதெல்லாம் பழைய கதை சார்' என்று கையை வீசிவிட்டார். வரைபடத்தை நானே பார்த்தேன். அடுக்கிலிருந்து எங்கள் தெரு தள்ளி இருந்தது, வாங்கினேன். அதற்கு முன் பிடித்திருந்த வேறொரு வீடு பட்டைக்கு மேலேயே உட்கார்ந்திருந்தது. அதை விட்டுவிட்டேன். அந்த வீடு இன்றைக்கும் ஒரு விரிசல் இல்லாமல் நிற்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன். என் மனைவி இதை மாதம் ஒரு முறை ஞாபகப்படுத்துவார்.

ஓட்டை விழுந்தா யார் பொறுப்பு? இன்சூரன்ஸ் குடுக்குமா?

சாதாரண வீட்டு இன்சூரன்ஸ் நில அசைவை விலக்கியே எழுதப்பட்டிருக்கும். படித்துப் பாருங்கள். பென்சில்வேனியா மாதிரிச் சுரங்க மாநிலங்களில் சுரங்கச் சரிவுக்கென்றே அரசு காப்பீடு உண்டு. இந்த மாநிலத்தில் அப்படி இல்லை.

கம்பெனியைத் தேடிப்போக முடியாது. அதற்கு வழியாக 1977-இல் ஒரு மத்திய சட்டம் வந்தது. இன்றைக்கு நாடு முழுதும் கரி எடுக்கும் கம்பெனிகளிடம் டன்னுக்கு இவ்வளவு என்று வசூலித்து, அந்தக் காசில் கைவிட்ட பழைய சுரங்கங்களின் ஆபத்தான வாய்களை அடைக்கிறார்கள். மலையில் அடைத்த ஓட்டைகளில் பல அந்தக் கணக்கில் வருபவை. அது பொது ஆபத்தைத் தடுக்கும் காசு, உங்கள் சுவர் விரிசலுக்கு இழப்பீடு என்று எண்ணிக்கொண்டு போகாதீர்கள்.

அப்படின்னா இது 'புறநகரா மாறின சுரங்க ஊர்'னு சொல்றது சரிதானா?

ஊர்வலம், விழா, பலகை எல்லாவற்றிலும் அப்படித்தான் சொல்வார்கள். எனக்கு அது ஒட்டவில்லை. ரென்டனைப் பாருங்கள்: அங்கேயும் சுரங்கம் இருந்தது, ஆனால் ஊர் கலையவே இல்லை, செங்கல் சூளை, அப்புறம் விமானம் என்று வேலை மாறியது, அதே தெருக்கள் நிற்கின்றன. அது மாறிய ஊர். தெற்கே பிளாக் டயமண்டில் பழைய ரயில் நிலையமும் பேக்கரியும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன, சுற்றி இப்போதுதான் வீட்டு மனை வருகிறது.

நியூகாசில் மாறவில்லை. ஒரு ஊர் கலைந்தது, நடுவில் காடு வந்தது, அப்புறம் வேறு காரணத்துக்காக வேறு ஆட்கள் வேறொன்றைக் கட்டி, பழைய பெயரை வைத்துக்கொண்டார்கள். பழைய ஊர் இருந்த இடத்தில் பெரும்பகுதி இன்றைய நகராட்சி எல்லைக்குள்கூட இல்லை, கூகர் மலைப் பூங்காவில் இருக்கிறது. அந்த இடமும் மனையாகியிருக்கும். 1980-களில் நடைபயணக்காரர்கள் சண்டை போட்டுக் கவுண்டியைப் பூங்காவாக அறிவிக்க வைத்தார்கள். 3,000 ஏக்கருக்கு மேல் தப்பியது. சுரங்க ஓட்டைகள் இருந்ததால் மனை போடுகிறவர்களுக்கும் அந்தப் பக்கம் பெரிய ஆசை இல்லாமல் இருந்திருக்கும் என்பது என் ஊகம்.

அப்பா அம்மா வந்திருக்காங்க. எதைக் காட்டலாம்? ரொம்ப நடக்க முடியாது.

ரெட் டவுன் பார்க்கிங்கிலிருந்து ஃபோர்டு சுரங்க வாய் மெதுவாக நடந்தாலும் பக்கம்தான், ஏற்றம் அதிகமில்லை. கால் வலி இல்லாதவர்களைக் குகை ஓட்டைப் பாதை வழியாகக் கூட்டிப்போங்கள். பாதையோரம் வேலி போட்ட பள்ளங்கள் வரும், மேலே சொன்ன சரிவுகள்தான் அவை. வேலியைத் தாண்டி எட்டிப்பார்க்க விடாதீர்கள். விளிம்பு மண் நம்பக்கூடியது இல்லை, சில குழிகளில் பிராணவாயு இல்லாத காற்று தேங்கியிருக்கும்.

சாலைக்கு மறுபக்கம் கோல் கிரீக் ஓடையோரம் இறங்கினால் கறுப்புத் துண்டுகள் காலில் படும். பக்கத்தில் செங்கல் நிறத்தில் கிடப்பவை சுரங்கக் கழிவுக் குவியல் பற்றி எரிந்து சுட்ட கல். என் அத்தை ஒரு கரித்துண்டை முந்தானையில் முடிந்துகொண்டு வந்துவிட்டார். பூங்காவிலிருந்து எதையும் எடுக்கக் கூடாது என்று சொன்னதும், 'இத்தனை டன் எடுத்தவனை யாரும் கேக்கல' என்றார். மறுநாள் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வந்தோம். ஈரத்தில் வழுக்கும், செருப்பு வேண்டாம், ஷூ போட்டு வாருங்கள்.